மேட்டு ஈரம், அடிவார வறட்சி: கிட்டாரின் ஆக்‌ஷனை வீட்டிலேயே சரிசெய்வது

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அவை முடியும் இடத்தில் போடிமெட்டு. அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூருக்கும் (போடி) மேட்டுக்கும் உயரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வித்தியாசம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப் இந்த ஏற்றத்தை ஒரு மணி நேரச் சொச்சத்தில் கடந்துவிடும். ஜீப்பில் வந்த கிட்டாரின் மரம் அந்தக் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். "ஆக்‌ஷன் ஏறிடுச்சு", "கம்பி இரையுது", "விரல் வலிக்குது" என்ற புகார்களில் பெரும்பாலானவை அந்த வாரங்களில்தான் பிறக்கின்றன.

ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளி. அது கூடினால் அழுத்துவது கடினம். பார் கார்டு பிடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அது குறைந்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். புதிதாகக் கற்பவர் பலர், கை பழகவில்லை என்று நினைத்துக் கிட்டாரையே மூலையில் சாத்திவிடுகிறார்கள். அவர்களில் பலரின் கிட்டாருக்குத் தேவை சில வாரம் உலர்ந்த காற்று, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: ஆக்‌ஷன் மாறினால் முதலில் காற்றை அளங்கள், அடுத்துக் கிட்டாரை அளங்கள், அலன் கீயைக் கடைசியில் எடுங்கள். இங்கே தரும் அளவுகள் எல்லாம் எஃகுக் கம்பி போட்ட அக்குஸ்டிக் கிட்டாருக்கானவை. நைலான் கம்பிக்கு வேறு அளவு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒரே காற்று, இரண்டு ஈரம்

சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க முடியாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைச் சுமக்கும். 33 டிகிரியில் அது 35 கிராமைத் தாண்டும். தாங்கக்கூடிய அளவில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். மரம் இந்தச் சதவீதத்துக்குத்தான் கட்டுப்படும். காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் என்பது அதற்குப் பொருட்டல்ல.

மேட்டில் காலையில் 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டரில் உள்ள தண்ணீர் 15.6 கிராம். அதே காற்று போடிக்கு இறங்கி 33 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 44 சதவீதம் ஆகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. மேலே மரத்தை ஊறவைத்த காற்று, கீழே அதைக் காயவைக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் இது கண்ணுக்கே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. மேலே போட்ட துணி நாள் கணக்கில் காயாது. அதே நாளில் கீழே மேல்காற்றில் புழுதி பறக்கும். போடிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். மேட்டுக்கு இரண்டு மழையும் உண்டு.

ஆகவே "மழைக்காலத்தில் இதைச் செய்" என்று ஊர் பேர் தெரியாமல் எழுதிய அறிவுரை இங்கே உதவாது. அதை நம்பி ஆடியில் சிலிக்கா ஜெல் வாங்கிப் போடும் போடிக்காரர், ஏற்கெனவே காய்ந்த கிட்டாரை இன்னும் காயவைக்கிறார். அதே ஆடியில் வெடிப்புக்குப் பயந்து ஈர ஸ்பாஞ்சு வைக்கும் மேட்டுக்காரர், ஊறிய கிட்டாருக்கு இன்னும் தண்ணீர் காட்டுகிறார்.

மரம் எவ்வளவு குடிக்கும்

ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பறித்த பச்சைக் காயில் 80 சதவீதம் வரை தண்ணீர். ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்து வரும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம். காய்ந்த காயைத் திறந்து வைத்தால் மறுபடி ஈரம் இழுத்து நிறம் போய்விடும் என்றுதான் சாக்குக்குள் பாலிதீன் பை போட்டுக் கட்டுகிறார்கள். கிட்டார் மரத்துக்கும் இதே குணம்.

பெரிய கிட்டார் நிறுவனங்கள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கும் அறைகளில்தான் மரத்தை ஒட்டுகின்றன. அந்தக் காற்றில் மரத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை எட்டும். 90 ஆனால் 20 சதவீதத்தை நெருங்கும். காற்று 30 சதவீதத்துக்கு வறண்டால் மரம் 6 சதவீதத்துக்கு இறங்கும்.

மரம் நார் ஓடும் திசையில் பெரிதாக நீளாது, குறுக்குவாட்டில் அகலும். கிட்டாரின் மேல்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். அதன் அகன்ற பகுதி ஏறத்தாழ 39 செ.மீ. மரத்தின் ஈரம் 9 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால், தனிப் பலகையாக இருக்கும்பட்சத்தில் அது 4 மி.மீ. அகலும். ஆனால் மேல்பலகை தனியாக இல்லை. ஓரம் முழுக்கப் பக்கப்பலகையில் ஒட்டியிருக்கிறது. உள்ளே தாங்குசட்டங்கள் குறுக்கே பிடித்திருக்கின்றன. அகல வழியில்லாத பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. புடைப்பின் மேல் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜோடு அதில் செருகியிருக்கும் சேடிலும், சேடிலோடு அதன் மேல் நிற்கும் கம்பியும் உயர்கின்றன. வறட்சியில் இதற்கு நேர்மாறாக மேல்பலகை குழிந்து கம்பி இறங்குகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கிட்டார் உடலின் வெளிப்பக்கம் பூச்சு பூசியது. உள்பக்கம் வெறும் மரம். ஈரம் பெரும்பாலும் ஒலித்துளை வழியாகத்தான் போய்வருகிறது. வெளியே துணியால் எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஊறிய மரம் காயாது.

விலை குறைந்த கிட்டார்களின் மேல்பலகை ஒட்டுப்பலகை. அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் அசைவு குறைவு, ஆனாலும் அசையும். சாலிட் டாப் என்று விற்கப்படும் ஒற்றைப் பலகைக் கிட்டார்தான் பருவத்துக்கு முதலில் அசைவது. நல்ல கிட்டார் வாங்கினவருக்கே இந்த அத்தியாயம் கூடுதலாகத் தேவைப்படும்.

வாங்க வேண்டிய சாமான்கள்

ஏலக்காயை 6, 7, 8 மி.மீ. சல்லடையில் சலித்து விலை வைக்கும் ஊருக்கு மில்லிமீட்டர் புதிதல்ல. இங்கே அரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

* டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று. தீப்பெட்டி அளவில் இருப்பது போதும்.
* அரை மில்லிமீட்டர் கோடு போட்ட, 30 செ.மீ. எஃகு ஸ்கேல்.
* ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கப் பயன்படுத்துகிற அதே தகட்டுக்கட்டு.
* கேப்போ, டியூனர்.
* உங்கள் கிட்டாரின் ட்ரஸ் ராடுக்கு (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) பொருந்தும் அலன் கீ. 4 அல்லது 5 மி.மீ. அளவுதான் பெரும்பாலும் வரும்.
* ஒரு நோட்டு.

விலை குறைந்த ஈரப்பதமானி ஐந்தாறு சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம். அதைச் சோதிக்கச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் ஆக்குங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் ஒன்றாக வைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். உப்புச் சேற்றின் மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம், இது மாறாது. மானி 69 காட்டினால், இனி அது சொல்வதோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள். கல் உப்பில் வேறு உப்புகளும் கலந்திருக்கும் என்பதால் தூள் உப்பே நல்லது.

அளவெடுக்கும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வோர் அளவும் அடுத்ததற்குப் பொருள் தருகிறது.

1. கிட்டாரை வழக்கமான சுருதிக்குக் கட்டுங்கள். தளர்ந்த கம்பியோடு எடுக்கும் அளவு எதற்கும் ஆகாது. தேதி, வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் முதலில் எழுதுங்கள்.

2. ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால், மேல்பலகையின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுவில் பட்டு இரு ஓரமும் கொஞ்சம் இடைவெளி விட்டால் அது இயல்பு. லேசான வளைவோடுதான் மேல்பலகையைச் செய்கிறார்கள். ஓரங்களில் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் பலகை ஊறியிருக்கிறது. ஓரங்கள் பட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை காய்ந்து குழிந்திருக்கிறது. நல்ல பருவத்தில் ஒருமுறை பார்த்து எழுதி வைத்தால்தான் உங்கள் கிட்டாருக்கு எது வழக்கம் என்று தெரியும்.

3. முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, ஆறாம் கம்பியை 14ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. ஆறாவது, ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் கழுத்தின் வளைவு சரி. இதை ரிலீஃப் என்பார்கள்.

4. கேப்போவைக் கழற்றுங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளங்கள். தடித்த ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. என்பது பொதுவான அளவு. நைலான் கிட்டாருக்கு 4, 3 மி.மீ. பக்கம். பலமாக மீட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும்.

5. கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு இடையில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், தலைப்பகுதிப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் சரி. அதிகம் இருந்தால் நட் உயரம். அது தொழிற்சாலைக் குறை, பருவத்தோடு தொடர்பில்லை.

அளவுகள் சொல்லும் சேதி

மேல்பலகை புடைத்து, ரிலீஃப் மாறாமல், ஆக்‌ஷன் மட்டும் ஏறியிருந்தால் ஈரமே காரணம். உடலும் கழுத்தும் சேரும் இடத்தில், 14ஆம் ஃப்ரெட்டுக்கு அப்பால், விரல்பலகை மேடுதட்டித் தெரிந்தால் அதுவும் ஈரத்தின் வேலை. மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைச்சல் கேட்பது அதனால்தான்.

மேல்பலகை தட்டையாகி, ஆக்‌ஷன் இறங்கி, இரைச்சல் கேட்டால் வறட்சி. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் குத்தினால் சந்தேகமே வேண்டாம்: விரல்பலகை சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை. வெடிப்பு வருவதற்கு முன் கிட்டார் தரும் எச்சரிக்கை இது.

ரிலீஃப் மட்டும் மாறியிருந்தால் கழுத்தின் பிரச்சினை. ஈரத்தில் கழுத்து முன்னும் வளையலாம், பின்னும் வளையலாம். கழுத்து மரமும் விரல்பலகை மரமும் வெவ்வேறு வேகத்தில் ஊறுவதே காரணம். ஊகிக்காமல் அளந்து பாருங்கள்.

சுருதியும் ஒரு துப்பு. பெட்டிக்குள் இருந்த கிட்டாரின் ஆறு கம்பிகளும் நாலைந்து நாளில் ஒரே மாதிரி ஏறியிருந்தால் மேல்பலகை புடைத்து அவற்றை இழுத்திருக்கிறது. எல்லாம் இறங்கியிருந்தால் பலகை சுருங்கியிருக்கிறது. ஓர் இரவுக்குள் ஏறியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கினாலும் சுருதி ஏறும். மேட்டில் விடியற்காலையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஊறிய கிட்டாரை உலர்த்துவது

ஷூ பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை கிட்டார் பெட்டிக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். கிட்டாரில் உள்ள மரம் சுமார் ஒன்றரைக் கிலோ. முழுக்க ஊறி 16 சதவீதத்தில் இருக்கும் மரத்தை 9 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால், நூறு கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் உள்ள தண்ணீரோ ஒன்றிரண்டு கிராம்தான். நாம் காயவைப்பது காற்றை அல்ல, மரத்தை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது சிலிக்கா ஜெல் தன் எடையில் நாலில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும். ஆகவே நானூறு கிராம் ஜெல் வேண்டும். அல்லது இருநூறு கிராம் ஜெல்லை இரண்டு தடவை காயவைத்துப் பயன்படுத்த வேண்டும். ஐந்து கிராம் பொட்டலம் ஒரு கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும்.

செய்முறை இது. நன்றாக மூடும் கிட்டார் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். துணிப்பை என்றால் அதைப் பெரிய பாலிதீன் உறைக்குள் வையுங்கள். ஜெல்லை இரண்டு பருத்திப் பைகளில் கட்டி, ஒன்றைக் கழுத்தடியிலும் மற்றதைத் தலைப்பகுதியிலும் வையுங்கள். மரத்தைத் தொடக் கூடாது. ஈரப்பதமானியும் உள்ளேயே இருக்கட்டும். தினமும் ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். வாரத்துக்குப் பத்துச் சதவீதம் இறங்கினால் போதும். 50ஐத் தொட்டதும் ஜெல்லில் பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெளிப்பூச்சும் ஒட்டும் விட்டுக்கொடுக்கும். அளவெடுப்பதும் திருகுவதும் இது முடிந்த பிறகுதான்.

நிறம் மாறிய ஜெல்லை அதற்கென்றே ஒதுக்கிய பழைய இரும்புச் சட்டியில் சிறுதீயில் புரட்டினால் மறுபடி வேலைக்கு வரும். ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.

செய்யக் கூடாதவை நான்கு. பெட்டிக்குள் அரிசிப் பொட்டலம் வேண்டாம். அரிசியிலேயே 13 சதவீதம் ஈரம் இருக்கிறது, பூச்சியும் சேரும். ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகத் தேக்கும் அலமாரி டப்பாக்கள் கிட்டார் பெட்டிக்கு ஆகாது. அதில் தேங்குவது உப்புக்கரைசல், கவிழ்ந்தால் மரமும் கம்பியும் போச்சு. ஹேர் டிரையர் வேண்டாம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நாலாவது: ஏலக்காய் ஸ்டோருக்குள் கிட்டாரை வைக்கவே வேண்டாம். 45, 50 டிகிரி வெப்பம் காய்க்கு நல்லது. ஊறிய மரத்தை அது ஒரே இரவில் வெடிக்கவைத்துவிடும்.

மேட்டில் கிட்டார் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். சாரல் அடிக்கும் வெளிச்சுவர் உள்ளேயும் ஈரமாகத்தான் இருக்கும். உள்சுவர், தரையிலிருந்து உயரம், சமையலறையின் நீராவிக்குத் தூரம், இவ்வளவுதான் விதி. அலமாரிக்குள் காற்றைச் சூடாக்கும் சிறிய ஹீட்டர் ராட் வைப்பவர்களும் உண்டு. 20 டிகிரியில் 85 சதவீதம் ஈரம் உள்ள காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 64 ஆகிவிடும். இது வேலை செய்யும் வழிதான். ஆனால் வயர் நல்லதாக இருக்க வேண்டும். துணிமணியோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது.

காய்ந்த கிட்டாருக்கு ஈரம் கொடுப்பது

அடிவாரத்தில் மாசியிலிருந்து சித்திரை வரையிலும், ஆனி, ஆடிக் காற்றிலும் பிரச்சினை தலைகீழ். மின்விசிறிக்குக் கீழே சுவரில் தொங்கும் கிட்டார் சீக்கிரம் காயும், ஏ.சி. அறையில் இன்னும் சீக்கிரம். பயன்படுத்தாத நேரத்தில் பெட்டிக்குள் வைப்பதே பாதி வைத்தியம்.

மீதிக்கு ஒரு சோப்பு டப்பா போதும். மூடியில் நாலைந்து துளை போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, கிட்டாரின் தலைப்பகுதிக்குக் கீழே வையுங்கள். சொட்டினால் பிழிந்தது போதவில்லை. ஈரப்பதம் 45ஐத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். மறந்து ஒரு மாதம் விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை இரு பக்கமும் சமன்செய்யும் 49 சதவீதப் பொட்டலங்களும் கடையில் கிடைக்கின்றன. அடிவாரத்தில் அவை நன்றாக உழைக்கும். மேட்டில் ஆடி மழையில் சில வாரத்திலேயே நிரம்பித் தளர்ந்துவிடும். அங்கே ஜெல்லே சிக்கனம்.

ட்ரஸ் ராடு: எதற்கு, எதற்கில்லை

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிக்கு ட்ரஸ் ராடு என்று பெயர். அது கழுத்தின் வளைவை மட்டும் மாற்றும். புடைத்த மேல்பலகையை அதனால் இறக்க முடியாது. மழையில் ஆக்‌ஷன் ஏறியதும் ராடைத் திருகி இறக்கப் பார்ப்பதுதான் இந்தப் பக்கத்தில் கிட்டார் கெடும் வழி. அப்போதைக்குக் கம்பி சற்று இறங்கியதுபோல் தெரியும். மாசியில் மேல்பலகை தன் நிலைக்குத் திரும்பும்போது, பின்னுக்கு வளைந்த கழுத்தில் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளும் இரையும்.

ஈரப்பதம் 45க்கும் 55க்கும் நடுவில் வந்து, அதன் பிறகும் ரிலீஃப் அளவு தப்பியிருந்தால் மட்டும் ராடைத் தொடுங்கள். ராடின் முனை ஒலித்துளைக்குள் அல்லது தலைப்பகுதி மூடிக்குக் கீழே இருக்கும். முதலில் அலன் கீயைச் செருகி, அந்தச் சாவி நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். ரிலீஃப் கூடியிருந்தால் சாவியைக் கடிகாரத் திசையில், குறைந்திருந்தால் எதிர்த்திசையில் திருப்புங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று. ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுருதி கட்டி, மறுநாள் அளந்து பாருங்கள். சாவி இறுகினால் பலம் காட்டாதீர்கள். ராடு அறுந்தால் கழுத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். சில விலை குறைந்த கிட்டார்களில் ராடே இருக்காது. இருப்பதும் திருக முடியாததாக இருக்கலாம்.

பருவத்துக்கு ஒரு சேடில்

மேட்டிலேயே வசிப்பவரால் வருஷம் முழுக்க 50 சதவீதத்தைப் பிடித்து வைக்க முடியாது. தினமும் வாசிக்கிற கிட்டாரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்கவும் முடியாது. அவர்களுக்குச் சரியான வழி இரண்டு சேடில்.

கணக்கு எளிது. 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. ஆகவே சேடிலை எவ்வளவு குறைக்கிறோமோ அதில் பாதிதான் அங்கே இறங்கும். மழையில் ஆறாம் கம்பி 3.2 மி.மீ.யில் நிற்கிறது, உங்களுக்கு 2.4 வேண்டும் என்றால் மிச்சம் 0.8, சேடிலில் 1.6 மி.மீ. போக வேண்டும். இதைக் கிட்டாரோடு வந்த சேடிலில் தேய்த்துவிட்டால், கோடையில் மேல்பலகை இறங்கியதும் ஆக்‌ஷன் 1.6 ஆகி எல்லாக் கம்பியும் இரையும். பழைய சேடிலை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, அதே நீளமும் தடிமனும் உள்ள எலும்பு சேடில் ஒன்றை வாங்கி அதைத் தேயுங்கள்.

தேய்ப்பது அடிப்பக்கத்தில், மேல் வளைவைத் தொடக் கூடாது. இரு பக்கமும் பென்சில் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். கோட்டுக்கு அரை மி.மீ. முன்னால் நிறுத்தி, மாட்டி, அளந்துவிட்டுத் தொடருங்கள். அடிப்பக்கம் கோணினால் சில கம்பிகளின் ஒலி மங்கும். பிரிட்ஜுக்கு மேல் சேடில் குறைந்தது 2 மி.மீ.யாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கம்பிக்கு அழுத்தம் போதாது. வேலை முடிந்ததும் ஒன்றில் "மழை", மற்றதில் "வெயில்" என்று அடியில் எழுதிவிடுங்கள்.

வறட்சியில் உடனடியாகக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமா? பழைய ஏ.டி.எம். கார்டில் ஒரு சீவல் வெட்டி சேடிலுக்கு அடியில் வையுங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ.; 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி ஏறத்தாழ 0.4 மி.மீ. உயரும். சேடிலுக்கு அடியில் பிக்கப் உள்ள கிட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மலை ஏறும்போதும் இறங்கும்போதும்

மேட்டிலிருந்து குளிர்ந்து வந்த கிட்டாரை போடியில் உடனே திறந்தால், புழுக்கமான நாளில் கம்பியிலும் பூச்சிலும் பனி படியும். 32 டிகிரியில் 55 சதவீதம் ஈரம் உள்ள காற்றில் கனமீட்டருக்கு 18 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. 20 டிகிரியில் இருக்கும் மரத்தை அது தொட்டதும் மிச்சம் நீராகிவிடும். பெட்டியை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். ஏறும்போதும் அப்படியே. சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் வரும் ரயிலில் ஏ.சி. பெட்டியில் கொண்டுவந்த புதுக் கிட்டாருக்கும் இதே மரியாதை. வெயிலில் பூட்டிய காருக்குள் எந்தக் கிட்டாரையும் விடாதீர்கள்.

ஞாயிறு ஆராதனைக்கோ கச்சேரிக்கோ ஒரு நாள் மட்டும் மேலே போய்த் திரும்புகிறீர்கள் என்றால் எதையும் திருக வேண்டாம். சுருதி மட்டும் கட்டுங்கள். ஒரு நாளில் மரம் அதிகம் குடிக்காது.

வருஷக் குறிப்பு

மாசி, பங்குனி, சித்திரை: அடிவாரத்தில் ஸ்பாஞ்சு. மேட்டில் "வெயில்" சேடில். நட் தேய்ப்பது, ரிலீஃப் சரிசெய்வது போன்ற நிரந்தர வேலைகளுக்கு மேட்டுக்காரருக்கு இதுவே காலம்.

வைகாசி: கோடைமழை. இரு பக்கமும் மானியைப் பார்த்து முடிவு.

ஆனி, ஆடி, ஆவணி: மேட்டில் ஜெல், "மழை" சேடில். அடிவாரத்தில் பெட்டியை மூடி வையுங்கள், தேவைப்பட்டால் ஸ்பாஞ்சு.

புரட்டாசி: ஐந்து அளவுகளையும் எடுத்து எழுதுங்கள். அடுத்த மழைக்கு இதுவே ஒப்புநோக்க உதவும்.

ஐப்பசி, கார்த்திகை: இரு பக்கமும் ஜெல். கம்பி துருப்பிடிக்கும் காலமும் இதுதான். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்.

மார்கழி, தை: மேட்டில் பனிமூட்டம் விலகும்வரை ஜெல்லை எடுக்காதீர்கள். அடிவாரத்தில் ஈரப்பதம் நடுநிலைக்கு வரும் நாட்கள் இப்போது அதிகம் கிடைக்கும். நிரந்தர வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

மாதப் பெயர் வெறும் நினைவூட்டல். மானி வேறு சொன்னால் மானியைக் கேளுங்கள்.

வீட்டோடு நிற்காத வேலைகள்

எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பை ஊறிய பலகையும் ஒட்டும்தான் தாங்குகின்றன. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கிவிட்டது. அன்றே கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். மேல்பலகையில் நார் வழியே கோடுபோல் வெடிப்பு, உடலைத் தட்டும்போது உள்ளே சலசலப்பு, உலர்த்தி இரண்டு வாரம் ஆகியும் இறங்காத புடைப்பு, கழுத்து உடலோடு சேருமிடத்தில் விரிசல்: இவை செட்டப் வேலைகள் அல்ல, பழுதுவேலைகள். தேனியிலோ மதுரையிலோ பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஈரப்பதத்தில் என்ன அளவு என்று பார்த்தால், பருவத்தின் அசைவு எது, உண்மையான பழுது எது என்று அவர் பிரித்துவிடுவார். தேவையில்லாமல் சேடிலைத் தேய்த்துத் தருவதும் நிற்கும்.